பங்காளியா, மச்சானா

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள்தான் இப்படி எழுதுவார்கள். எனக்கு முப்பத்தொரு வயதுதான் ஆகிறது. ஆனாலும் கல்லூரி முடித்த நாளிலிருந்து தென்காசியில் ஒரு பத்திர எழுத்தரிடம் பார்த்துவந்த வேலை போன வாரத்தோடு முடிந்துவிட்டது. அரசுத் தேர்வில் தேறி, சிவகிரி தாலுகா அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேரப் போகிறேன். என் நாற்காலிக்கு வந்திருக்கும் பாத்திமாவும் இசக்கியும் என்னை விடவில்லை.

"யக்கா, இப்பம் எல்லாம் கம்ப்யூட்டர்ல தட்டுனா வந்துருது. தட்டியும் வராத ஆளுகளை எப்படித் தேடுவிய? அதை மட்டும் எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்றாள் இசக்கி.

தட்டியும் வராத ஆட்கள் என்று அவள் சொன்னது நூறு, நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் வாழ்ந்து செத்தவர்களை. நிலத்துக்கு வில்லங்கம் பார்க்க வருகிறவர்கள்தான் எங்களுக்குப் பெரும்பாலும். ஆனால் வருடத்துக்குச் சிலர் வேறு கேள்வியோடு வருவார்கள். எங்கள் பாட்டனுக்குப் பாட்டன் யார், எந்த ஊரிலிருந்து வந்தார், அவருக்குப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்பார்கள். அந்த மாதிரி ஆள் வந்தால் பத்திர எழுத்தரான எங்கள் அண்ணாச்சி முகத்தைத் திருப்பிக்கொள்வார். நான் நாற்காலியை இழுத்துப் போடுவேன்.

என்னைப் பற்றி ஒரு பத்தி. அப்பா புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார். அம்மா பீடி சுற்றினாள். இரண்டு பக்கத்திலும் எனக்கு முன்னால் பள்ளிக்கூட வாசலை மிதித்தவர் ஒருவரும் கிடையாது. நான் பி.காம். முடித்தேன். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் அப்பாவின் அப்பா போட்ட ஒரு கைரேகையை ஒரு பழைய அடமானப் பத்திரத்தின் நகலில் பார்த்தேன். அதன் கீழே, சரிபார்த்ததாக என் கையெழுத்தைப் போட்டேன். அன்றைக்கு வீட்டில் எனக்கு முட்டை பொரித்துக் கொடுத்தார்கள்.

பழைய பத்திரம் படிக்கப் பழகியதைப் பற்றி எழுதினால் நீளும். புள்ளியே வைக்காமல் எழுதிய எழுத்து. மா, காணி, முந்திரி என்று நில அளவு. தேதியெல்லாம் கொல்லம் ஆண்டில் இருக்கும். பழகப் பழக வந்துவிட்டது. ஆனால் அண்ணாச்சியைப் பழகத்தான் நாளானது.

பீர் முகம்மது அண்ணாச்சி வருகிறவரிடம் பேர் கேட்க மாட்டார். "யாரு மகன்?" என்பார். அடுத்து, "யாரு பேரன்?" அதற்குப் பிறகுதான் தலையை நிமிர்த்துவார். எந்தப் பத்திரத்தையும் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கித்தான் படிப்பார். முதலில் சாட்சிகள், அப்புறம் எல்லை, அப்புறம்தான் யார் யாருக்கு எழுதியது என்பது. பத்திரம் எழுதி முடித்ததும் வாசித்துக் காட்டுவார். நான்கெல்லை வந்ததும் நிறுத்திவிடுவார்.

"ஓய், உம்ம வயலுக்குக் கிழக்க என்ன இருக்கு?"

"வாய்க்கா இருக்கு அண்ணாச்சி."

"இங்கன உக்காந்து கையைக் காட்டும். கிழக்கு எங்கன?"

ஆள் கதவைப் பார்த்துக் கை காட்டுவார். கதவு தெற்கே. அண்ணாச்சி பேனாவை மூடி வைத்துவிடுவார். "போய் வயக்காட்டுல நின்னு சூரியனைப் பாத்துட்டு வாரும். நாளைக்குப் பதிவோம்." சுந்தரபாண்டியபுரத்திலிருந்து பஸ் பிடித்து வந்தவரை அப்படியே திருப்பி அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். முறைத்துக்கொண்டு போவார்கள். மறுநாள் வருவார்கள். அவர் எழுதிய எல்லையை வைத்து யாரும் கோர்ட்டுக்குப் போனதில்லை என்பது அவருடைய பெருமை. அது உண்மையா என்று நான் விசாரித்ததில்லை.

பழைய ஆட்களைத் தேடுவதில் முதல் இடறல் பேர்தான். எங்கள் பக்கத்தில் மூத்த மகனுக்கு அப்பாவுடைய அப்பா பேரை வைப்பார்கள். இரண்டாவது மகனுக்கு அம்மாவுடைய அப்பா பேர். அதனால் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே ஆள் திரும்பி வருவார். நான் சேர்ந்த புதிதில் வாசுதேவநல்லூர்க்காரர் ஒருவருக்காக, சுடலைமுத்து மகன் மாடசாமி என்பவரைத் தேடினேன். பத்திரத்துக்கு மேல் பத்திரம் கிடைத்தது. எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி அண்ணாச்சி மேசையில் வைத்தேன். அவர் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்த மாடசாமி நூத்தி முப்பது வருஷமா நிலம் வாங்கிக்கிட்டே இருக்கானே, தாயி. இவனைக் கூட்டிட்டுப் போறதுக்கு மேல ஆளில்லையா?"

தாத்தாவையும் பேரனையும் பேரனுடைய பேரனையும் நான் ஒரே ஆளாக்கியிருந்தேன். அதற்குப் பிறகு, பேர் கிடைத்தால் அவருடைய பிள்ளைகள் பேரையும் பார்க்காமல் நான் எழுந்ததில்லை. ஒரே ஒரு தடவை தவிர. அந்தத் தடவையைத்தான் இப்போது எழுத வந்தேன்.

ஒரு வைகாசி மாதக் கடைசியில் கனகா வந்தாள். சுடிதார்தான் போட்டிருந்தாள். ஆனால் நின்ற நிலையிலேயே போலீஸ் என்று தெரிந்தது. அண்ணாச்சி "யாரு மகள்?" என்று கேட்டார். சொன்னாள். "யாரு பேத்தி?" அருணாசலம் பேத்தி என்றாள். "அந்த அருணாசலத்துக்குத் தாத்தா, அவருக்கும் தாத்தா, எல்லாம் அருணாசலம்தான். அந்த மூத்த அருணாசலத்தைப் பத்தித்தான் தெரியணும்" என்றாள்.

அண்ணாச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் நாற்காலியை இழுத்தேன்.

கனகாவுக்கும் மேலகரத்துச் செல்வகுமாருக்கும் பேசி முடித்திருந்தது. அவன் ராணுவத்தில் இருந்தான். இரண்டு பேருக்கும் முதலிலேயே பிடித்துப்போய், அப்புறம்தான் வீட்டுக்குத் தெரியவந்த கல்யாணம். சாதியும் ஒன்று, சாதகமும் சரி. நிச்சயச் சேலைகூட எடுத்தாகிவிட்டது. சாஸ்தா யார் என்று பெண் வீட்டில் கேட்டபோது, தங்களுக்குத் தெரியாது, முருகனைத்தான் கும்பிடுகிறோம் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லியிருந்தார்கள். செல்வகுமாரின் தாத்தாவுக்குத் தாத்தா காலத்தில் மலையைத் தாண்டிப் புனலூருக்கு வேலைக்குப் போன குடும்பம் அது. அங்கே இருந்துவிட்டு மேலகரத்துக்குத் திரும்பி வருவதற்குள் சாஸ்தா விட்டுப்போயிற்று.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் குடும்பத்துக்கு ஒரு சாஸ்தா உண்டு. பங்குனி உத்திரத்தன்று எங்கே இருந்தாலும் அவரவர் சாஸ்தா கோயிலுக்கு வந்துவிடுவார்கள். ஒரே சாஸ்தாவைக் கும்பிடுகிறவர்கள் ஒரே அப்பன் வழி வந்தவர்கள், அதாவது பங்காளிகள். பங்காளி வீட்டுப் பையன் அண்ணன் தம்பி முறை. அங்கே பெண் கொடுக்க மாட்டார்கள்.

கல்யாணத்துக்கு முன்னால் குறை வைக்கக் கூடாது என்று செல்வகுமாரின் அம்மா புனலூரில் இருந்த வயதான நாத்தனாரிடம் கேட்டிருக்கிறார். மலையடிவாரம், ஓடைக்கரை, பெரிய மருதமரம் என்று அவர் பெரியவர்கள் சொல்லக் கேட்ட ஞாபகத்திலிருந்து அடையாளம் சொல்லியிருக்கிறார். அந்த அடையாளத்தை வைத்துக் கோயிலைக் கண்டுபிடித்து, அந்தப் பங்குனி உத்திரத்துக்கு வேன் பிடித்து வந்துவிட்டார்கள்.

"நாங்க அடுப்பு மூட்டிப் பானை வச்சிருக்கோம். எதுத்தாப்புல வேன் வந்து நிக்குது. பொங்கப்பானையோட அவங்க அம்மா இறங்குதாவ" என்றாள் கனகா. "எங்க பெரியப்பா பாக்காவ. அந்த அம்மா பாக்காவ. ஒருத்தரும் வாயே தொறக்கல. எங்க பானை பொங்கி வழியுது, குலவை போட ஆளில்ல."

அதோடு முடியவில்லை. கனகா வீட்டில் தலைமுறை தலைமுறையாக ஒரு பேச்சு உண்டு. அந்த மூத்த அருணாசலத்துக்கு வேலாயுதம், பிச்சையா என்று இரண்டு மகன்கள், சுந்தரபாண்டியபுரத்துக் குளத்துக்குக் கீழே இருந்த நஞ்சையை இருவருக்கும் பாதிப் பாதியாகக் கொடுத்தார், பிச்சையா வம்சம் மலைக்கு அந்தப் பக்கம் போய் அறுந்துபோயிற்று என்பது பேச்சு. செல்வகுமார் வீட்டில் தெரிந்த மூத்த பாட்டன் பேர் பிச்சையா.

"பெரியப்பா ரிட்டயர்டு ஏட்டு. எங்க வீட்ல அவிய வச்சதுதான் சட்டம். அண்ணன் தங்கச்சிக்கு நான் எப்படித் தாலி எடுத்துக் குடுப்பேன்னு கேக்காவ. ஆனி முடியுததுக்குள்ள வேற மாப்பிள்ளை பாத்து முடிச்சிரணுமாம். சிவகிரிலேர்ந்து ஒரு இடம் வருது."

"நீ என்ன எதிர்பாக்க?" என்றார் அண்ணாச்சி. அதுவரை காது கொடுக்காதவர் மாதிரி இருந்தவர்.

"அந்தப் பிச்சையா வேற ஆளா இருக்கணும்."

"உனக்கு வேண்டிய முடிவை நான் எழுத முடியாதும்மா. இருக்கதைத் தேடுவோம். பங்காளின்னே வந்துட்டா?"

கனகா நாற்காலியின் நுனிக்கு வந்தாள். "வந்துட்டா அவரை அண்ணேன்னு ஒரு வாட்டி கூப்புட்டுட்டு வந்துருவேன். வேற என்ன செய்ய?"

அண்ணாச்சி அவளை நிமிர்ந்து பார்த்தார். "விண்ணப்பத்தை எழுது, பேச்சி" என்றார் என்னிடம்.

கணினியில் அந்தக் காலத்துப் பத்திரம் வராது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய அட்டவணைப் புத்தகங்களைப் பார்க்க மனுப் போட வேண்டும். அட்டவணையில் எழுதியவர், வாங்கியவர் பேரும் அவர்களுடைய தகப்பன் பேரும் இருக்கும். அதிலிருந்து பத்திர எண் எடுத்து நகலுக்குப் போட வேண்டும். தாள் ஓரமெல்லாம் பொடியாக உதிரும். மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் புரட்டுவோம். வைகாசி வெயிலில் மின்விசிறி இல்லாமல் உட்கார்ந்தால் அந்தக் காலத்து மனிதர்கள்மேல் மரியாதை வரும்.

அருணாசலம் சீக்கிரமே கிடைத்தார். குளத்துக்குக் கீழே நஞ்சை வாங்கிய பத்திரம். "குற்றாலம் சாதிக்காய்த் தோட்டத்தில் வேலை செய்து வரும் சுந்தரபாண்டியபுரம் வேலாயுதம் மகன் அருணாசலம்" என்று இருந்தது. குற்றாலத்து மலையடிவாரத்தில் வெள்ளைக்காரர்கள் சாதிக்காயும் கிராம்பும் நட்டு வளர்த்த தோட்டங்களில் ஒன்றில் அவர் கூலியாக இருந்திருக்கிறார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் கீறல். கையெழுத்துத் தெரியாதவர்கள் பேனாவால் இழுக்கிற கோடு அது. மழையிலும் அட்டையிலும் நின்று அடுத்தவன் மரத்துக்குக் குழி வெட்டிய ஒரு மனிதர், சொந்தமாக நிலம் வாங்கி அந்தக் கோட்டை இழுத்திருக்கிறார். நான் அந்தக் கோட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கனகா வீட்டில் அவரைப் பெரிய மிராசு என்றல்லவா சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அருணாசலத்தின் தகப்பன் வேலாயுதம். மூத்த மகன் வேலாயுதம். வழக்கப்படி சரியாக இருந்தது. இனி பிச்சையா. அருணாசலம் மகன் பிச்சையா என்று அட்டவணை முழுக்கத் தேடினேன். ஒரு வரிகூட இல்லை. பிச்சையா என்ற பேர் நிறைய வந்தது. ஒருவர் தகப்பன் பேர் சுடலை, ஒருவர் தகப்பன் பேர் சுப்பையா, இன்னொருவர் மாடன். "அதெல்லாம் வேற பிச்சையா. தள்ளு" என்றார் அண்ணாச்சி. தள்ளினேன்.

ஆனி பிறந்து குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது. சிவகிரிக்காரர்கள் பெண் பார்க்க வரும் வெள்ளிக்கிழமையும் நெருங்கியது. அண்ணாச்சி நகல்களைக் கட்டிவைத்தார்.

"ரெண்டாவது மகன் பேர்ல பத்திரம் இல்லாததுல ஆச்சரியம் இல்ல. அப்பன் வாய்வார்த்தையாப் பிரிச்சுக் குடுத்திருப்பான். சாஸ்தா ஒண்ணு, பாதி நிலம், பேரு பிச்சையா. பங்காளின்னுதான் வருது, பேச்சி. அந்தப் பிள்ளைகிட்ட சொல்லிரு. போன்ல சொல்லாத. நேர்ல போய்ச் சொல்லு."

கனகாவுக்குக் குற்றாலத்தில் சீசன் பந்தோபஸ்து. மெயினருவியில் பெண்கள் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். தொப்பியில் சாரல் முத்து முத்தாக நின்றது. தண்ணீர் நிறைய விழுந்ததால் விசில் ஊதி ஊதிக் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டிருந்தாள். "ஏ எக்கா, பாதுகாப்பு வளைவுக்கு உள்ள நில்லுங்க. தலைக்கு எண்ணெய் தேச்சுட்டு வழுக்கி விழுந்தா நானா தூக்க?" என்று ஒரு அம்மாளைத் திட்டினாள். என்னைப் பார்த்ததும் விசில் வாயிலிருந்து விழுந்துவிட்டது. முகத்திலேயே படித்துவிட்டாள்.

பக்கத்துக் கடை ஓரத்துக்கு ஒதுங்கினோம். நான் சொன்னேன். அவள் அழவில்லை. ஈரத் தொப்பியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசினாள்.

"அவருக்கு நான் இனி என்ன பேரு சொல்லிக் கூப்புடன்னே தெரியல. அவங்க அம்மா சுப்பையான்னு கூப்புடுவாவ. அந்தப் பேரைச் சொல்லித்தான் கேலி பண்ணுவேன்."

"செல்வகுமார்தானே?"

"அது ரிகார்டுல. வீட்ல தாத்தா பேருதான். அவங்க வீட்ல மூத்தவன்னா ஒண்ணு பிச்சையா, இல்லன்னா சுப்பையா. மாத்தி மாத்தி வரும். அவருக்கு அப்பா பிச்சையா, தாத்தா சுப்பையா."

எனக்குக் காதுக்குள் அருவிச் சத்தம் நின்றுபோன மாதிரி இருந்தது.

"அந்த முதல் பிச்சையா இருக்காவளே, அவரோட மூத்த மகன் பேரு?"

"சுப்பையா. அடுத்தவரு அருணாசலம்னு சொல்லுவாவ. அவரு புனலூர்லயே காய்ச்சல்ல செத்துட்டாராம்."

"மூத்தவர் சுப்பையா, இளையவர் அருணாசலம். மாறிச் சொல்லல்லியே? நல்லாத் தெரியுமா?"

"ஏன்?"

"போன் போட்டுக் கேளு. இப்பமே கேளு."

செல்வகுமாருக்கு அந்த நேரத்தில் லைன் கிடைத்ததே அதிர்ஷ்டம். அவன் அம்மாவைக் கேட்டு, அம்மா புனலூர் அத்தையைக் கேட்டு, பதில் திரும்பி வரும்வரை நாங்கள் இரண்டு பேரும் நனைந்துகொண்டு நின்றோம். மூத்தவர் சுப்பையாதான். அதில் சந்தேகமே இல்லை.

பிச்சையா அருணாசலத்தின் மகனாக இருந்தால் தன் மூத்த மகனுக்கு அருணாசலம் என்றுதான் பேர் வைத்திருக்க வேண்டும். சுப்பையா என்று வைத்திருக்கிறார் என்றால் அவருடைய அப்பா சுப்பையா. இரண்டாவது மகனுக்கு அருணாசலம் என்று வைத்திருக்கிறார் என்றால் அருணாசலம் அந்தப் பிள்ளையின் அம்மாவுக்கு அப்பா. பிச்சையா அவருக்கு மகன் இல்லை, மருமகன். அருணாசலத்துக்கு ஒரு மகள் இருந்திருக்கிறாள். அவளை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

கனகாவிடம் நான் இதில் பாதிதான் சொன்னேன். முழுதாகச் சொல்லி, பொய்யாகிவிட்டால் அவள் தாங்க மாட்டாள் என்று பட்டது. "வெள்ளிக்கிழமைக்கு லீவு போடாத. டூட்டி இருக்குன்னு சொல்லிரு" என்று மட்டும் சொல்லிவிட்டு மினி பஸ்ஸில் ஏறினேன்.

அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவில்லை. "மூத்த பிள்ளை ஒண்ணு அருணாசலம்னு பொறந்து செத்திருக்கும். அந்தப் பேரைச் சுப்பையாவுக்கு அடுத்ததுக்கு வச்சிருப்பான். பேரை மட்டும் வச்சு கல்யாணம் முடிக்கச் சொல்லுதியா? அந்த ஏட்டு ஆதாரம் கேப்பான்."

"சுப்பையா மகன் பிச்சையான்னு ஒரு பதிவு இருந்துச்சு அண்ணாச்சி. நீங்க தள்ளச் சொன்னிய. நானும் தள்ளிட்டேன்."

அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "அப்போ தள்ளுனதை எடு" என்றார்.

நகல் கைக்கு வர வியாழக்கிழமை ஆகிவிட்டது. சுப்பையா மகன் பிச்சையா, குளத்துக்குக் கீழே ஒரு துண்டு நிலம் வாங்கிய பத்திரம். ஒரே மேசையில் இரண்டு பேரும் குனிந்தோம். அண்ணாச்சி வழக்கம்போல் அடியிலிருந்து தொடங்கினார். நான் எல்லைக்குப் போனேன். நிலத்துக்கு வடக்கே வாய்க்கால். கிழக்கே குளத்துக் கரை. மேற்கே கோயில் நிலம். நிலம் எதற்கு வடக்கே இருக்கிறது என்று சொல்லும் தெற்கு எல்லையை நான் சத்தமாக வாசித்தேன்:

"உமது பெண்சாதி ஆவுடையம்மாளுக்கு அவள் தகப்பன் அருணாசலம் கொடுத்த மஞ்சள்காணிக்கு வடக்கு."

அதே நேரத்தில் அண்ணாச்சி அடியிலிருந்து வாசித்தார்: "சாட்சி, வேலாயுதம் மகன் அருணாசலம், கீறல்."

மஞ்சள்காணி என்பது மகளுக்குக் கல்யாணத்தில் சீராகக் கொடுக்கிற நிலம். மஞ்சள் குங்குமச் செலவுக்கு என்று அந்தப் பேர். பாதி நஞ்சை மகனுடைய பங்காகப் போகவில்லை. மகளுடைய சீராகப் போயிருக்கிறது. அதை ஒட்டி மருமகன் இன்னொரு துண்டு வாங்கியபோது மாமனாரே வந்து சாட்சிக் கோடு இழுத்திருக்கிறார்.

அண்ணாச்சி என்னைப் பாராட்டவில்லை. எழுந்துபோய் இரண்டு டீ சொல்லிவிட்டு வந்தார். அவர் தன் காசில் டீ சொல்லி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே கனகாவின் பெரியப்பா ஏட்டையாவை வரச் சொல்லிவிட்டோம். அவருடைய பேரும் வேலாயுதம்தான். சட்டைப்பையில் பேனாவோடு, விசாரணைக்கு வந்தவர் மாதிரியே உட்கார்ந்தார். கனகா சீருடையோடு வாசலில் நின்றாள். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"யாரு இதைக் கண்டுபிடிச்சது?"

"நான்தான்" என்றேன்.

"என்ன படிச்சிருக்க?"

"பி.காம். எங்க வீட்ல முதல் ஆள்."

"ம். சொல்லு."

வரிசையாகச் சொன்னேன். அவர் ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தினார். நகலில் சார்பதிவாளர் முத்திரை இருக்கிறதா என்று பார்த்தார். சாதிக்காய்த் தோட்டம் வந்ததும் கையை உயர்த்தினார்.

"கூலியா? எங்க பாட்டையா மிராசுதார்னு எங்க அப்பா சொல்லுவாவ. குதிரை வச்சிருந்தாவ."

"குதிரை வெள்ளைக்காரன்ட்ட இருந்திருக்கும் ஓய். உம்ம பாட்டையா அதுக்குப் புல்லு போட்டிருப்பாவ" என்றார் அண்ணாச்சி.

ஏட்டையா முறைத்தார். நான் அருணாசலத்தின் கீறலைக் காட்டினேன். "சம்பாதிச்சு வாங்கிருக்காவ. யாரும் எழுதிக் குடுத்தது இல்ல" என்றேன். அவர் அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்தார். வைத்த விரலைக் கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

"சரி, மருமகன்னே வச்சுக்குவோம். அப்போ எங்க சாஸ்தாவை அவன் எதுக்குக் கும்புடணும்? அவனுக்குன்னு ஒரு சாஸ்தா இருக்கணுமே."

"இருக்கணும். வீட்டோட மாப்பிள்ளையா வந்திருக்காவ. பொண்டாட்டி வீட்டு நிலத்துலயே இருந்திருக்காவ. வருஷா வருஷம் மாமனார் பொங்கல் வைக்க போவையில கூடப் போயிருக்காவ. பிள்ளைகளுக்கு அதுதான் தெரிஞ்சிருக்கு."

"மாமனார் வீட்டுச் சோறு தின்னுட்டு மாமனார் வீட்டுச் சாமியைக் கும்புடாம இருக்க முடியுமா?" என்றார் அண்ணாச்சி.

ஏட்டையா பத்திரத்தை மறுபடி எடுத்துத் தெற்கு எல்லையைப் படித்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி மெதுவாக, "ஆவுடையம்மாள்" என்றார். "எங்க வீட்ல இப்படி ஒரு பேரைக் கேட்டதே இல்ல தாயி. எங்க வேலாயுதம் பாட்டையாவுக்குக் கூடப்பொறந்த பொம்பளைப்பிள்ளை ஒண்ணு இருந்திருக்கு. பாதி வயலையும் வாங்கிட்டுப் போயிருக்கு. நாங்க புருஷன் பேரை மட்டும் ஞாபகம் வச்சிருக்கோம். அதையும் தப்பா வச்சிருக்கோம்."

அப்புறம் விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். அண்ணன் வேலாயுதம், தங்கச்சி ஆவுடையம்மாள். அண்ணன் மகன், தங்கச்சி மகன். அவர்கள் பிள்ளைகள். வலது கையில் தன் வம்சம், இடது கையில் அவர்கள் வம்சம். இரண்டு கையிலும் ஒரே விரலில் வந்து நின்றது. கனகாவும் செல்வகுமாரும் ஒரே தலைமுறை. அத்தை மகன், மாமன் மகள் முறை.

அண்ணன் தங்கச்சி என்று விலக்கிவைத்த இரண்டு பேர், இந்த ஊரில் கேட்காமலே பெண் கொடுக்கிற உறவாகிவிட்டார்கள்.

வாசலில் கனகா தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏட்டையா போனை எடுத்தார். நம்பரைத் தேடி, ஒலிபெருக்கியைப் போட்டு மேசைமேல் வைத்தார்.

இதையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பங்காளிகளுக்குள் கேலி கிடையாது. அளந்துதான் பேசுவார்கள். மாமன் மச்சானுக்குள்தான் எதுவும் பேசலாம், எவ்வளவும் மட்டம் தட்டலாம். பங்குனியிலிருந்து அந்தப் பையனிடம் ஏட்டையா பேசியது இரண்டே தடவை. இரண்டு தடவையும் "தம்பி" என்று ஆரம்பித்து, நிலைமையை எடுத்துச் சொல்லி, வைத்துவிட்டாராம்.

மணி அடித்தது. "ஐயா, சொல்லுங்க" என்றது ஒரு குரல். பயந்துபோன குரல்.

ஏட்டையா தொண்டையைச் செருமினார்.

"யாரு, பிச்சையா மகன் சுப்பையாவா?"

"ஆமா ஐயா."

"ஓய் மாப்ளே, உம்ம பாட்டையா எங்க வீட்ல சோத்துக்கு வந்து ஒட்டிக்கிட்ட ஆளுன்னு இப்பம்தான் பத்திரத்தோட மாட்டுனாரு. சாமியைக்கூட எங்க சாமியைக் கடன் வாங்கிக் கும்புட்டிருக்கியள். நீரும் அதே ரகம்தானா, இல்ல சொந்தமா அடுப்பு மூட்டுவீரா?"

லைன் போய்விட்டது என்று நினைத்தேன். கனகா வாசற்படியில் ஒரு காலை உள்ளே வைத்தவள் அப்படியே நின்றாள்.

"மாமா," என்றது குரல், கொஞ்சம் இழுத்து, "ஒங்க வீட்டுச் சோறு அவ்வளவு நல்லா இருந்திருந்தா எங்க பாட்டையா பிள்ளைக எதுக்கு மலையைத் தாண்டி ஓடுதாவ?"

அண்ணாச்சி டீயைச் சிந்திவிட்டார். ஏட்டையா போனைப் பார்த்து, எங்களைப் பார்த்து, மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"எழுதிக்கிடும் பாயி," என்றார், "இவன் மச்சான் வம்சம்தான். பங்காளியா இருந்தா இந்தப் பேச்சுப் பேச மாட்டான்."